முதற்பலனாக வந்த படப்பெட்டி

பாறசாலைப் பக்கத்தில் எங்கள் சபையில் சினிமாவுக்கு எதிராக ஒரு சட்டம் இருந்தது. "கொட்டகைக்குள் உட்கார்ந்து சினிமா பார்க்கும் அங்கத்தினர் மூன்று மாதம் திருவிருந்துக்கும் வாக்குக்கும் சபைப் பொறுப்புக்கும் புறம்பாக்கப்படுவர்" என்பது அதன் வாசகம். எழுதியவர் சபைச் செயலாளர் வேதமாணிக்கம் சார். மிஷன் உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வு பெற்றிருந்தார், திருத்துவதிலிருந்து அல்ல. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, அன்றைய பிரசங்கத்தில் இருந்த பிழைகளைப் போதகரிடம் எடுத்துச் சொல்லித்தான் வீட்டுக்குப் போவார்.

சட்டத்தை எழுதும்போது சார் எல்லாவற்றையும் யோசித்தார். பாறசாலைக்காரன் எவனாவது ஒருநாள் சினிமா எடுப்பான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

எடுத்தவன் அவரிடமே ஆறாம் பாரம் படித்துத் தேறிய சுவாமிதாஸ். அதற்குமேல் படிக்க வீட்டில் வழியில்லை. அம்மா தங்கபாய் மிஷனுக்கு லேஸ் பின்னிக் கொடுத்து அவனை வளர்த்தாள். ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குச் சார் சிபாரிசு செய்த அதே வாரம் அவன் மதராசுக்கு ரயிலேறிவிட்டான். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவின் எடிட்டிங் அறையில், வெட்டிப்போட்ட பிலிம் துண்டுகளைக் கூட்டிப் பெருக்குவதில் தொடங்கினான். பிறகு அந்தத் துண்டுகளை ஒட்டினான், பிறகு வெட்டினான், கடைசியில் மற்றவர்கள் வெட்டுவதற்கு ஏற்ற படங்களை அவனே எடுத்தான். அவன் இயக்கிய முதல் படம் மதுரையிலும் சேலத்திலும் ஓடிய ஓட்டத்தில் பத்திரிகைகளில் அவன் போட்டோ வந்தது. வேதமாணிக்கம் சார் அந்தப் போட்டோவைக் கத்தரித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். பையன் எவ்வளவு தூரம் கெட்டுப்போனான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

சுவாமிதாசிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. அவன் கொட்டகைக்குள் போய் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. ஊரில் இருந்தவரை சபைக்குப் பயந்தான், மதராசில் ஜனங்களுக்குப் பயந்தான். படம் வெளியானால் கொட்டகையின் பக்கச் சுவரோரம் நின்று, உள்ளே சிரிப்பு எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று காது கொடுத்துக் கேட்பான். வராத இடத்தை மறுநாள் வெட்டிவிடுவான். அவனுக்குத் தெரிந்த சினிமா வித்தை அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் ஊருக்கு வந்தது கல்யாணம் செய்துகொள்ள. பெண், வேதமாணிக்கம் சாரின் மகள் சுகிர்தபாய். ஆரியங்கோட்டுப் பள்ளியில் டீச்சர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மதராசில் அவனுக்குக் கிடைத்த பெருமையெல்லாம் அவளுடைய கடிதங்களுக்குப் பதில் எழுதிய நேரம் போக மிச்ச நேரத்தில் கிடைத்ததுதான். சார் மறுக்கவில்லை. சபைக் கமிட்டி நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தால் தனக்குச் சம்மதம் என்றார். டிசம்பர் பிறப்பதற்குள் கிடைக்காவிட்டால், காட்டாக்கடையில் ஒரு கம்பவுண்டர் பெண் கேட்டிருப்பதால் அங்கே கொடுக்கவேண்டி வரும் என்றும் சொன்னார். கம்பவுண்டருக்குச் சினிமா பிடிக்காது. அவருக்கு எதுவுமே பிடிக்காது என்று சுகிர்தபாய் சொன்னாள்.

அப்போது எங்கள் தாலூகாக்கள் எந்த மாநிலத்தோடு இருப்பது என்ற எல்லைக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. தெற்கே துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன பையன்களைப் பற்றி விளையாட்டாகப் பேச எனக்கு மனம் வராது. எங்கள் சபைக்குள் நடந்த யுத்தத்தைப் பற்றி மட்டும் தாராளமாகப் பேசலாம். செயலாளர் வேதமாணிக்கம் சார் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற கட்சி. பொருளாளர் ராஜதாஸ், ரப்பர் தோட்டக்காரர், திருவிதாங்கூர்-கொச்சியோடு இருக்கவேண்டும் என்ற கட்சி. சார் தமிழில் வாசிக்கும் நடவடிக்கைக் குறிப்பை ராஜதாஸ் மலையாளத்தில் ஆட்சேபிப்பார். வீட்டில் இருவரும் இரண்டையும் கலந்துதான் பேசினார்கள். கோயில் மணி எந்தக் கட்சிக்காக அடிக்கிறது என்பதில்கூட அவர்களுக்குள் தகராறு இருந்தது. சினிமா பாவம் என்ற ஒன்றில்தான் ஒற்றுமை.

சுவாமிதாஸ் வந்த வாரம் ஸ்தோத்திரப் பண்டிகை. அவரவர் தொழிலின் முதற்பலனைக் கோயிலில் படைத்து, ஆராதனைக்குப் பிறகு அதை ஏலம் விடுவது வழக்கம். சபைக்கு ஒரு ஆர்மோனியம் வாங்கிக் கொடுக்கலாம் என்று சுவாமிதாஸ் சொன்னான். தங்கபாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"கருப்பட்டிக்காரன் கருப்பட்டி கொண்டு வாறான். ஆசாரி முக்காலி கொண்டு வாறான். நீ செய்யுத வேலைய நீ கொண்டு போணும் மக்கா. செய்யுத வேலைய ஆண்டவருக்க முன்னால மறைச்சா அதாக்கும் பாவம்."

அவன் கொண்டுவந்த தகரப் பெட்டி ஒன்றில் முதல் படத்தின் பிரதி இருந்தது, பட முதலாளி சந்தோஷமாகக் கொடுத்தது. அந்தத் தகரப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் வாழைக்குலைகளுக்கும் சேவல்களுக்கும் நடுவே வைத்தார்கள்.

இங்கேதான் எங்கள் சபையாரால் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று நடந்தது. எங்கள் ஏலத்தில் வருஷத்துக்கு ஒரு மூடின பெட்டி உண்டு. உள்ளே என்ன என்று தெரியாமல் கேட்கவேண்டும். போன வருஷப் பெட்டியில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. பூட்டிய தகரப் பெட்டியைப் பார்த்ததும் இதுதான் அது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். சுவாமிதாஸ் எழுந்து ஏதோ சொல்லப் போனான். ஏலத்தின்போது அங்கத்தினர் தொகை சொல்ல மட்டுமே வாய் திறக்கலாம் என்று சார் உட்கார வைத்தார்.

போதகர் ஈசாக் பெட்டிமேல் கை வைத்து ஜெபித்தார். நல்ல மனிதர், ஜெபத்தில் கொஞ்சம் தாராளம். உள்ளே இருப்பது எதுவானாலும் அதையும், அதைச் செய்த கைகளையும், அதை அனுபவிக்கப்போகிற கண்களையும் ஆசீர்வதியும் என்றார். சபை முழுக்க ஆமென் சொன்னது. பிறகு ஏலம். பெட்டியை ஆட்டிப் பார்த்தவர்கள் தையல் மெஷின் என்றும் வெண்கல விளக்கு என்றும் சொன்னார்கள். தமிழ்நாட்டுக் கட்சி ஒரு தொகை சொன்னால் திருவிதாங்கூர் கட்சி அதற்குமேல் சொன்னது. தொகை கறவைப் பசுவின் விலையைத் தாண்டியபோது உள்ளே என்ன இருக்கும் என்ற கவலையே எவருக்கும் இல்லை. ராஜதாஸ் ஜெயித்தார். அவர் கட்சிக்காரர்கள் எல்லையே கிடைத்துவிட்டதுபோல் கைதட்டினார்கள்.

பெட்டியைத் திறந்து ஒரு சுருளை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார் ராஜதாஸ். கட்டம் கட்டமாக ஒரே குட்டி மனிதன் வரிசையாகப் பாடையில் படுத்திருந்தான்.

அன்று மாலை கமிட்டி கூடியது. சிக்கல் பெரிது. இது பாவம் என்று சொன்னால் போதகர் பாவத்தை ஆசீர்வதித்தார் என்றாகும். பாவமில்லை என்று சொன்னால் சட்டம் என்னாவது? ராஜதாஸ் தரப்பின் கோரிக்கை எளிமையானது. ஒன்று ஆசீர்வாதம் செல்லும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். பணம் அதற்குள் கூரை ஓட்டுக் கடனுக்குப் போய்விட்டது. சுவாமிதாசின் நற்சாட்சிப் பத்திரம் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது.

"சார், பத்திரம் எனக்கு. படத்துக்கு இல்லியே" என்றான் சுவாமிதாஸ்.

"மரம் கனியினால அறியப்படும்" என்றார் சார். "முதல்ல கனியப் பாக்கணும்."

பார்ப்பதுதான் பாவம் என்று யாரோ நினைவூட்டினார்கள். சார் யோசித்து, பார்ப்பது வேறு, விசாரிக்கும் பொருட்டுப் பார்ப்பது வேறு என்று தீர்மானம் எழுதினார். விசாரணை உபகமிட்டி ஒன்று அமைந்தது. அங்கத்தினர்கள் மகிழ்ச்சிக்கு இடம்கொடாமல் பார்க்கவேண்டும் என்பது நிபந்தனை.

கொட்டகை வைத்திருந்தவர் பொன்னையன். ஓலைக் கூரை, மணல் தரை, பின்னால் நாலு வரிசை பெஞ்சு. நம்ம ஊர்ப் பையன் படம் என்று சும்மாவே ஓட்டித் தரத் தயாராக இருந்தார். ஆனால் தாலூகாவில் தடையுத்தரவு. ஐந்து பேர் கூடக்கூடாது. உபகமிட்டியில் ஏழு பேர். அனுமதிக்கு இன்ஸ்பெக்டரிடம் போனார்கள். அவர் கோட்டயத்துக்காரர். சட்டப்படி நாலு பேருக்குமேல் விடமுடியாது என்றார். மெஷின் ஓட்டும் பொன்னையன் ஒருவர் என்பதால் உபகமிட்டிக்கு மூன்று இடம். கண்காணிக்கத் தானும் வருவதாகச் சொன்னார். அப்படியானால் ஐந்தாகிவிடுமே என்று சார் கேட்டார்.

"போலீசு ஆளல்ல சாறே" என்றார் இன்ஸ்பெக்டர் மலையாளத்தில். "போலீசு போலீசாணு."

முதல் தவணையாகச் சார், ராஜதாஸ், போதகர் மூவரும் போனார்கள். போதகர் ஈசாக் சங்கடப்பட்டார். இதை ஆசீர்வதித்தவரும் தான், பாவம் என்று பிரசங்கித்தவரும் தான். அதனால் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதை மூடச் சட்டம் சொல்லவில்லை.

படம் ஒரு கஞ்சனைப் பற்றியது. தான் செத்தால் சொந்தக்காரர்கள் எப்படி அழுவார்கள் என்று பார்க்கச் செத்ததுபோல் நடிக்கிறான். ஒப்பாரி நடக்கும்போது மூக்கில் போட்ட பஞ்சு உறுத்தித் தும்மிவிடுகிறான். தும்மல் கேட்டதும் போதகர் மூடிய கண்ணோடு "கர்த்தர் காப்பாராக" என்றார். இன்ஸ்பெக்டர் பெஞ்சிலிருந்து விழுந்துவிட்டார். ராஜதாஸ் சிரித்தாரா என்பது பிறகு தனியாக விசாரிக்கப்பட்டது. தான் இருமியதாக அவர் எழுதிக் கொடுத்தார்.

அறிக்கைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தும்மல் காட்சி உயிர்த்தெழுதலைப் பரிகாசம் செய்கிறது என்று சார் எழுதினார். பாட்டில் கதாநாயகியின் இடுப்பு தெரிகிறது என்று ராஜதாஸ் எழுதினார். இடுப்பு வந்தபோது சார் குனிந்திருந்தார். அதனால் இடுப்பைச் சரிபார்க்க அவர் மறுபடி போகவேண்டி வந்தது. தமிழ் வசனத்தைச் சார் மட்டும் தனியே ஆராய்ந்தால் பட்சபாதமாகும் என்று ராஜதாசும் கூடவே போனார். அடுத்த தவணை போனவர்கள் இடுப்பு இல்லை, கை மட்டுமே என்றார்கள். இவர்களைத் திருத்த இன்னொரு தவணை அனுப்பப்பட்டது.

ஆண்கள் மட்டும் விசாரித்தால் போதுமா என்று பெண்கள் சங்கம் கேட்டது. சங்கத் தலைவி ராஜபாய், பொருளாளரின் மனைவி. ஒரு பெண்ணின் இடுப்பு தெரிகிறதா இல்லையா என்பதை ஆண்களிடம் விட்டால் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர் பேசியது நியாயமாகவே பட்டது. வாலிபர் சங்கம், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பாடகர் குழு என்று மனுக்கள் வந்தன. பூவார் சபை இரண்டு பார்வையாளர்களை அனுப்பியது. மூன்று மூன்று பேராக விட்டால் அடுத்த பண்டிகைக்கும் முடியாது.

வழியைக் காட்டியவர் இன்ஸ்பெக்டர்தான். அதற்குள் படத்தை மற்ற எவரையும்விட அதிகம் பார்த்திருந்தவர் அவர். தடையுத்தரவு ஆராதனைக்குப் பொருந்தாது என்றார். தொடக்கத்தில் ஒரு கீர்த்தனை, முடிவில் ஒரு ஆசீர்வாதம் இருந்தால் அது ஆராதனை. நடுவில் என்ன நடக்கிறது என்பதில் போலீஸ் தலையிடாது.

அதற்குப் பிறகு பொன்னையனின் கொட்டகையில் பாமாலைப் புத்தகமும் கையுமாகக் கூட்டம் வந்தது. பாடுவார்கள், படம் பார்ப்பார்கள், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போவார்கள். காணிக்கைத் தட்டு சுற்றியது. கடலைக்காரி பாட்டு முடியும்வரை கூவாமல் காத்திருக்கப் பழகிக்கொண்டாள். எழுந்திருக்க முடியாத கிழவர்களைக்கூட ஜெபக்கூட்டம் என்று சொல்லிக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். "எனக்க கொட்டகையில இத்தற பக்தியோட ஒரு படமும் ஓடினதில்ல" என்று பொன்னையன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். போதகர் ஈசாக் ஒவ்வொரு காட்சிக்கும் வந்து பாட்டு நடத்தினார், கண்ணை மூடிக்கொண்டார், கடைசியில் எழுந்து ஆசீர்வதித்தார். தும்மல் எப்போது வரும் என்று அவருக்கு இப்போது மனப்பாடம். இரண்டு வார்த்தை முன்னாலேயே கர்த்தரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சுவாமிதாஸ் வழக்கம்போல் வெளியே ஓலைத் தட்டி ஓரமாக நின்றான். அவனை அடித்த வாத்தியார் சிரிப்பதும், நாடோடி என்று திட்டிய அண்டைவீட்டுக்காரர் சிரிப்பதும் தனித்தனியாகக் கேட்டது. மதுரையில் கேட்ட சிரிப்பில் எது யாருடையது என்று அவனுக்குத் தெரிந்ததில்லை. பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இவ்வளவு சிரித்தவர்கள் வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். நவம்பர் முடிய இன்னும் ஒரு ஞாயிறுதான் பாக்கி.

ஒருநாள் சுகிர்தபாய் பள்ளிவிட்டு அங்கே வந்தாள். உள்ளே அவள் அப்பாவின் சிரிப்பு கேட்டது.

"நீ விசாரிக்கப் போகல்லியா?" என்று கேட்டான்.

"விசாரிக்கியதுக்கு நான் வரமாட்டேன்" என்றாள். "பாக்கணுமெங்கில் கல்யாணம் கழிஞ்சு உங்க கூட உக்காந்து பாப்பேன். சந்தோஷமாட்டுப் பாப்பேன். அதுவரைக்கும் எனக்கு இடுப்பும் வேண்டாம், தும்மலும் வேண்டாம்."

தங்கபாயும் போகவில்லை. மகன் எடுத்த படத்தைப் பார்க்க அவளைவிட ஆசைப்பட்டவர்கள் எங்கள் சபையில் கிடையாது. ஆனால் சட்டம் என்றால் சட்டம் என்று நினைத்த ஒரே ஆளும் அவள்தான். திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் இழக்க அவள் தயாராக இல்லை.

கடைசி ஞாயிறு பொதுக்கூட்டம். சுவாமிதாஸ் பின்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கம்பவுண்டர் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து வெளியே காத்திருந்தார். வேதமாணிக்கம் சார் எழுந்து பேசினார்.

"நான் இந்தப் படத்தப் பல தடவை பாத்தேன். ஒவ்வொரு தடவையும் வேதனையோட பாத்தேன். முதல் தடவை பட்ட வேதனை போதாதுன்னு மறுபடியும் போனேன். அந்தக் கஞ்சன் தும்முகதுக்கு முன்னால அவன் பெஞ்சாதி ஒரு பார்வை பாப்பா, அது இருக்கே, அந்த இடத்துல சுவாமிதாஸ் காட்டின கைவேலை..." சட்டென்று நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "அது மிகவும் ஆபத்தானது. இப்படிப்பட்ட பாவத்தப் பாத்த ஒருத்தரையும் சட்டம் விடப்படாது."

விசாரணைக்காகப் பார்த்தவர்களுக்கு விலக்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் அவர் அடுத்து வாய் திறந்தார். அதற்குள் ராஜதாஸ் துள்ளி எழுந்தார். அவர் கணக்கில் சார் தன்னைவிட ஒரு காட்சி அதிகம் பார்த்திருந்தார். விலக்கு யாருக்கும் கிடையாது, செயலாளரானாலும் சட்டம் சட்டமாக்கும் என்றார். திருவிதாங்கூர் கட்சி கை தூக்கியது. தமிழ்நாட்டுக் கட்சிக்கு ரோஷம் வந்தது. பொருளாளரை மட்டும் விட்டுவிடுவோமா என்று அவர்களும் கை தூக்கினார்கள். எல்லைக் கிளர்ச்சி தொடங்கிய பிறகு எங்கள் சபையில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

அமைதியானபின் போதகர் ஈசாக் அங்கத்தினர் பெயர்களை வாசித்தார். பார்த்தவர்களுக்கு இனி வாக்கு இல்லை என்பதால் எழுந்து வெளியே போகவேண்டும். பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள், கட்டிலோடு வந்தவர்கள் கட்டிலோடு போனார்கள். என்னையும் வாசித்தார், நானும் போனேன். கடைசியில் கோயிலுக்குள் போதகரைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். தங்கபாய், சுகிர்தபாய், சுவாமிதாஸ்.

"அவன் எப்படி இருக்கலாம்?" என்று சன்னல் வழியாகச் சார் கத்தினார். "அவனாக்கும் படத்த எடுத்தவன்."

"எடுத்தேன் சார்" என்றான் சுவாமிதாஸ். அவனுக்கே குழப்பமாகத்தான் இருந்தது. "கொட்டகைக்குள்ள உக்காந்து பாக்கல்ல. இதுவரை ஒரு படமும் பாத்ததில்ல."

போதகர் தானும் பார்க்கவில்லை என்றும், கேட்க மட்டுமே செய்ததாகவும் தாழ்மையுடன் தெரிவித்தார். சட்டத்தை மறுபடி வாசித்தார்கள். கேட்பவனைப் பற்றியும் எடுப்பவனைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை.

போதகருக்கு வாக்கு கிடையாது, அங்கத்தினர் மூன்று பேர் இருந்தால் கமிட்டி என்பது மிஷனரி காலத்து விதி. தங்கபாய் தலைவியானாள். நற்சாட்சிப் பத்திரம் எடுத்துக்கொள்ளப்பட்டது. தன் விஷயம் என்பதால் சுவாமிதாஸ் முறைப்படி வெளியே போய் நின்றான். தன் விஷயமும்தான் என்று சுகிர்தபாயும் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே தங்கபாய் மட்டும் கமிட்டியாக உட்கார்ந்து, தீர்மானத்தை முன்மொழிந்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, கொஞ்சநேரம் காத்திருந்து, ஏகமனதாக நிறைவேற்றினாள். கம்பவுண்டர் வீட்டு ஆள் மாலை பஸ்ஸில் காட்டாக்கடைக்குத் திரும்பிப் போனார்.

மூன்று ஞாயிறு விவாக அறிவிப்பு வாசித்துக் கல்யாணம் நடந்தது. வெளியே அனுப்பப்பட்ட ரோஷத்தில் சபை முழுக்கச் சன்னல்களில் தொங்கிக்கொண்டு நின்றது. இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டபோது ஊருக்கே ஆட்சேபணை இருந்தது, ஆனால் வாக்கு இருக்கவில்லை. சார் மட்டும் வாயைத் திறந்தார்.

"வாக்குக்கும் புறம்பாக்கப்படுவர்" என்று மணக்கோலத்தில் நின்றபடியே சுகிர்தபாய் நினைவூட்டினாள். "நீங்க எழுதினதாக்கும் அப்பா."

வாசகத்தில் ஒரு பிழைகூட இல்லாதது சாருக்கு அன்றுதான் வருத்தமாக இருந்தது.

அன்று மாலை பொன்னையன் கொட்டகையில் கடைசிக் காட்சி. பெட்டியைப் பூவார்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். தங்கபாய் கல்யாணச் சேலையை மாற்றாமலே கிளம்பினாள். மூன்று மாதத் திருவிருந்து போகுமே அம்மா என்றான் மகன்.

"போட்டும் மக்கா. கமிட்டி வேலை முடிஞ்சாச்சு" என்றாள். "இனி எனக்க மோன் என்ன வேல செய்யுதான்னு நான் பாக்கணும்."

மூன்று பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அந்த நிமிஷத்தோடு சபையில் வாக்குள்ளவர் எவரும் மிச்சமில்லை. சுவாமிதாஸ் முதல்முறையாகச் சுவருக்கு உட்பக்கம் இருந்தான். சுகிர்தபாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் சபை முழுக்க இருந்தது. விசாரிக்க இனி எதுவும் இல்லாததால் ஒருவரும் இருமவில்லை, தாராளமாகவே சிரித்தார்கள்.

போதகர் ஈசாக் வந்து தங்கபாய் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கப்படி கண்ணை மூடினார். சட்டம் தொடாத கடைசி ஆள் அவர்தான். ஒப்பாரி தொடங்கியது. கஞ்சனின் மனைவி அந்தப் பார்வையைப் பார்த்திருக்க வேண்டும், கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியானது. தங்கபாய் குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரிப்பது பெஞ்சு வழியாக அவருக்குத் தெரிந்தது.

"என்னவாக்கும் அம்மா அங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இத வாயால சொல்ல ஒக்குமா? நீங்க ஆசீர்வதிச்சதுதானே போதகரய்யா" என்றாள் தங்கபாய். "பாருங்க."

தும்மல் வருவதற்குச் சற்றுமுன் போதகர் கண்ணைத் திறந்தார்.